அறுபட்ட விரல்களும் ஓர் இசைத்தட்டும்

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தில் வெர்டிகோ என்ற இசைத்தட்டு நிறுவனம் அன்று ஒரு புதிய தொகுப்பை வெளியிட்டது. குழுவின் பெயர் பிளாக் சாபத். தொகுப்பின் பெயரும் அதுதான், அதன் முதல் பாடலின் பெயரும் அதுதான். ஊசியைத் தட்டின் மீது வைத்தால் முதலில் மழை பெய்கிறது. தொலைவில் தேவாலய மணி ஒன்று ஒலிக்கிறது. இடி உறுமுகிறது. பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் சேர்ந்து மிக மெதுவாக, மிகக் கனமாக, மூன்றே மூன்று சுரங்களை வாசிக்கின்றன. ஹெவி மெட்டல் என்று இன்று உலகெங்கும் அறியப்படும் இசைவகை அந்த மூன்று சுரங்களில்தான் பிறந்தது என்று பெரும்பாலான இசை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அந்தப் பிறப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் சாத்தான், சூனியம், நள்ளிரவுச் சடங்கு என்றே போகின்றன. அந்த இருளின் ஊற்றுக்கண் வேறிடத்தில் இருக்கிறது. அது பர்மிங்ஹாம் நகரின் ஆஸ்டன் பகுதியில், உலோகத் தகடுகளை வெட்டும் ஓர் இயந்திரத்தின் அடியில் இருக்கிறது.

ஆயிரம் தொழில்களின் நகரம் என்று பர்மிங்ஹாமைச் சொல்வார்கள். துப்பாக்கி, பேனா முள், பொத்தான், திருகாணி, பின்னர் மோட்டார் கார் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே செய்யப்படாத உலோகப்பொருள் குறைவு. இரண்டாம் உலகப்போரில் அதனாலேயே ஜெர்மானிய விமானங்களின் குறியாக ஆனது. குண்டுவீச்சில் 2,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் இடிந்த வீடுகளின் குவியல்கள் அப்படியே கிடந்தன. அவற்றில்தான் ஆஸ்டனின் பிள்ளைகள் விளையாடினார்கள். 1948, 49ஆம் ஆண்டுகளில் அந்தச் சூழலில் பிறந்தவர்கள் நால்வர்: டோனி அயோமி, ஆஸி ஆஸ்போர்ன், பில் வார்ட், கீஸர் பட்லர். நால்வருமே தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் வயதில் லண்டனிலிருந்தும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் வந்துகொண்டிருந்த பாடல்கள் மலர்களைப் பற்றியும் அன்பைப் பற்றியும் பேசின. ஆஸ்டனில் மலர்கள் இல்லை என்று ஆஸ்போர்ன் பின்னாட்களில் பலமுறை கசப்பும் கேலியுமாகச் சொல்லியிருக்கிறார்.

அயோமிக்கு அப்போது 17 வயது. உலோகத் தகட்டு ஆலை ஒன்றில் வெல்டராக வேலை. கிட்டார் வாசிப்பில் பெயரெடுத்து, ஐரோப்பாவில் பயணம் செய்யவிருந்த ஒரு குழுவில் இடமும் கிடைத்திருந்தது. ஆகவே அன்று ஆலையில் அவருக்குக் கடைசி நாள். மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்தவர் இனி திரும்பிப் போகப்போவதில்லை என்று சொல்ல, ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். அன்று தகட்டு இயந்திரத்தில் வேலைசெய்யும் ஆள் வரவில்லை. பழக்கமில்லாத அந்த இயந்திரத்தில் அயோமியை நிறுத்தினார்கள். இயந்திரம் அவர் வலது கையின் மீது இறங்கியது. கையை இழுத்துக்கொண்டபோது நடுவிரலின் நுனியும் மோதிரவிரலின் நுனியும் போயிருந்தன. அவர் இடதுகைப் பழக்கமுள்ளவர். அதாவது கிட்டாரில் தந்திகளை அழுத்திச் சுரம்பிடிக்க வேண்டிய கை அந்த வலது கைதான்.

இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆலையின் மேலாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். அயோமிக்கு எதையும் கேட்கும் மனநிலை இல்லை. வற்புறுத்திக் கேட்கவைத்த பிறகு அவர் சொன்னார், இதை வாசிப்பவனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள்தான் வேலைசெய்கின்றன என்று. அது ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் வண்டிவீடு தீப்பிடித்து எரிந்ததில் இரு விரல்கள் செயலிழந்த, பின்னர் ஐரோப்பிய ஜாஸின் மேதையாக ஆன ஜிப்ஸிக் கலைஞர். இசை வரலாற்றில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்லும் செல்வாக்கைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இதைப்போன்ற ஒன்று அரிது. அயோமி ஜாங்கோவிடமிருந்து ஒரு சுரத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பெற்றுக்கொண்டது முடியும் என்ற ஒரு செய்தியை மட்டுமே.

பிறகு அவர் செய்தது ஒரு தொழிலாளி செய்யக்கூடியது. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருண்டையாக்கி, அதில் சூட்டுக்கோலால் குழிபோட்டு, தையல்காரர்கள் போட்டுக்கொள்ளும் அங்குஸ்தான் போல இரண்டு உறைகளைத் தன் விரல்களுக்குச் செய்துகொண்டார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய தோல்சட்டையிலிருந்து துண்டுகளை வெட்டி அதன்மேல் ஒட்டினார். வழக்கமான தந்திகள் அந்த விரல்களுக்கு மிகக் கடினமாக இருந்தன. மெல்லிய கிட்டார் தந்திகள் அப்போது கடையில் கிடைக்கவில்லை, எனவே பான்ஜோவின் தந்திகளை வாங்கிக் கட்டிக்கொண்டார். தோலுறை போட்ட விரலுக்குத் தந்தியின் தொடுவுணர்வு தெரியாது. காதைக்கொண்டே அழுத்தத்தை அளந்தாகவேண்டும். பல விரல்களை விரித்துப் பிடிக்கும் சிக்கலான சுரக்கூட்டுகள் கடினமாகிவிட்டன. எஞ்சியது இரண்டு சுரங்களை மட்டும் சேர்த்துப் பிடிக்கும் எளிய கூட்டு.

நம் இசையைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடத்தை எளிதாக விளக்கிவிடலாம். மேற்கத்தியர்கள் பவர் கார்ட் என்று அழைக்கும் அந்தக் கூட்டு வேறொன்றுமல்ல, ஸட்ஜமும் பஞ்சமமும்தான். நம் தம்புராவில் கேட்கும் அதே ஸ, ப. நடுவில் காந்தாரம் இல்லை. மேற்கத்திய இசையில் ஒரு கூட்டு மகிழ்ச்சியானதா துயரமானதா என்று தீர்மானிப்பது அந்தக் காந்தாரம்தான். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது மகிழ்ச்சியும் அல்லாத துயரமும் அல்லாத வெறும் திண்மை. ஒலிபெருக்கியை அதன் எல்லைக்கு மேல் முடுக்கி ஒலியைச் சிதறவைக்கும்போது மூன்று சுரக்கூட்டுகள் குழம்பிச் சேறாகிவிடும். ஸ, ப மட்டும் இரும்புத்தூண் போல நிற்கும். காயம்பட்ட கை வேறு வழியில்லாமல் தேர்ந்துகொண்டது, பெருக்கப்பட்ட மின் ஒலிக்கு மிகப் பொருத்தமானதாகவும் அமைந்துவிட்டது.

இங்கே ஒரு பிழையைத் திருத்தியாகவேண்டும். அயோமி விரல்வலியால் தந்திகளைத் தளர்த்திக் கட்டியதால்தான் பிளாக் சாபத்தின் முதல் தொகுப்பு அத்தனை தாழ்ந்த ஒலி கொண்டது என்று பல கட்டுரைகளில் வாசிக்கலாம். முதல் தொகுப்பு வழக்கமான சுருதியிலேயே வாசிக்கப்பட்டது. மூன்று அரைச்சுரம் இறக்கிக் கட்டியது 1971இல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' என்ற மூன்றாம் தொகுப்பில்தான். அப்படி இறக்கினால் தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். விரலுக்கு அது பெரிய ஆறுதல். இன்றைய மெட்டல் குழுக்கள் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியிலேயே வாசிக்கின்றன. காயம் ஏதுமில்லாத கைகள் ஒரு காயத்தின் தேவையை மரபாகப் பின்பற்றிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மற்றவர்கள் கதையும் இதற்கு ஒத்ததுதான். ஆஸ்போர்னின் தந்தை இரவுமுறையில் வேலைசெய்த கருவித் தொழிலாளி. தாய் கார் உதிரிபாக ஆலையில். மகனும் கொஞ்சநாள் அங்கே போனார். கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் வேலை. நாள் முழுக்க ஒலிக்காத அறையில் ஹாரன் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பது! இசைத்துறையில் தன் முதல் வேலை அதுதான் என்று பிற்பாடு கேலியாகச் சொல்வார். பிறகு இறைச்சிக் கூடத்தில் மாடு அறுக்கும் இடத்தில் வேலை. பிறகு திருட்டு, அபராதம் கட்ட முடியாமல் சில வாரங்கள் வின்சன் கிரீன் சிறை. பட்லர் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தவர், நால்வரில் வாசிப்புப் பழக்கமுடையவர். பாடல்வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர். வார்ட் ஜாஸ் டிரம்ஸ் கலைஞர்களைக் கேட்டு வளர்ந்தவர். அந்த இசைத்தட்டின் கனத்தை எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கனம் அசையாமல் உறைந்துவிடாமல் ஊசலாடுவது வார்டின் கைகளில் இருக்கும் ஜாஸால்தான். பின்னால் வந்த நகலெடுப்பாளர்கள் பெரும்பாலானவர்கள் தவறவிட்டதும் அதைத்தான்.

குழு முதலில் எர்த் என்ற பெயரில் புளூஸ் இசையை வாசித்துக்கொண்டிருந்தது. 1968 இறுதியில் அயோமி சில வாரங்கள் ஜெத்ரோ டல் குழுவுக்குப் போய்த் திரும்பினார். அங்கே அவர் கற்றுக்கொண்டது ஒழுங்கு. காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை, ஆலைக்குப் போவதுபோல. அவர்கள் ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிரே ஒரு திரையரங்கு. பேய்ப்படம் பார்க்க மக்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பயப்படுவதற்குக் காசுகொடுத்து வருகிறார்களே, நாம் பயமுறுத்தும் இசையைச் செய்தால் என்ன என்று பேச்சு எழுந்ததாகச் சொல்வார்கள். இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா 1963இல் எடுத்த, போரிஸ் கார்லாஃப் நடித்த திரைப்படம் ஒன்றின் ஆங்கிலத் தலைப்பு குழுவின் புதிய பெயராயிற்று.

ஒலிப்பதிவு 1969இன் பிற்பகுதியில் லண்டனின் ரீஜன்ட் சவுண்ட் கூடத்தில் நடந்தது. தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன், ஒலிப்பொறியாளர் டாம் ஆலம். மேடையில் எப்படி வாசிப்பார்களோ அப்படியே வாசித்தார்கள். பெரும்பாலும் முதல் முயற்சி அல்லது இரண்டாவது. ஏறத்தாழ பன்னிரண்டு மணிநேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு முறைக்கு மேல் திருத்துவதற்குப் பணமும் இல்லை, அப்படி ஒரு வழக்கம் இருப்பதே அவர்களுக்குத் தெரியவும் இல்லை. முதல் பாடலைப் பதிவுசெய்தவுடனேயே அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் ஒலிவாங்கும் பகுதி பழுதாகிவிட்டது. கைவசம் மாற்றாக இருந்த கிப்ஸன் எஸ்ஜியை எடுத்து மீதியை வாசித்தார். அந்த எஸ்ஜிதான் பின்னர் அவருடைய அடையாளமாகவே ஆயிற்று. மழையும் மணியும் பிறகு சேர்க்கப்பட்டவை. ஒலிப்பதிவு முடிந்ததும் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு நால்வரும் கச்சேரிக்காக ஸ்விட்சர்லாந்து போய்விட்டார்கள்.

இனி அந்த மூன்று சுரங்கள். கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து பாதிவழி இறங்கி பிரதி மத்தியமம். பட்லர் அந்நாட்களில் குஸ்டாவ் ஹோல்ஸ்ட்டின் 'கோள்கள்' என்ற படைப்பில் வரும் செவ்வாய்க் கோளுக்கான பகுதியை பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும், அதைக் கேட்டபின் அயோமி இந்த வடிவத்தோடு வந்தார் என்றும் பட்லரே சொல்லியிருக்கிறார். ஹோல்ஸ்ட் அதை எழுதியது 1914இல், முதல் உலகப்போரின் வாசலில். ஸட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியை மேற்கில் சாத்தானின் இடைவெளி என்பார்கள். இடைக்காலத் திருச்சபை அதைத் தடைசெய்திருந்தது, வாசித்தவர்களைத் தண்டித்தது என்றெல்லாம் ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் ஏதுமில்லை. இசைக்கோட்பாட்டாளர்கள் அதைத் தவிர்க்கச் சொன்னது உண்மை, ஆனால் சாத்தானின் பெயரை அதனோடு சேர்த்து எழுதிய சான்றுகள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கிடைக்கின்றன. நம் மேளகர்த்தா அமைப்பில் 37 முதல் 72 வரை உள்ள அத்தனை மேளங்களும் பிரதி மத்தியமம் கொண்டவை. கல்யாணியைக் கேட்டு எந்தச் சாத்தானும் வந்ததில்லை. மங்கலமான ராகம் என்றே அதைச் சொல்கிறோம்.

ஆக இருள் சுரத்தில் இல்லை. அது அந்தச் சுரம் கையாளப்பட்ட விதத்தில் இருக்கிறது. அயோமியின் மத்தியமம் பஞ்சமத்தில் போய் அமர்வதில்லை. அதைத் தொட்டும் தொடாமலும் நடுங்கிக்கொண்டு நின்றுவிட்டு மீண்டும் கீழ் ஸட்ஜத்துக்கே விழுகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி. பெரும் எடையுள்ள ஏதோ ஒன்று உயர்ந்து, தயங்கி, கீழே இறங்குகிறது. மறுபடி உயர்கிறது. அறையில் ஆஸ்போர்னின் குரல் எழுகிறது, கறுப்பாக ஓர் உருவம் தன்னை நோக்கிச் சுட்டுவதைக் கண்டு நடுங்கும் ஒருவனின் குரல். பட்லர் ஓரிரவு தன் கட்டிலடியில் ஓர் உருவத்தைப் பார்த்ததாகச் சொன்ன அனுபவத்திலிருந்து எழுந்த வரிகள் அவை. கவனித்துக் கேட்டால் அது சாத்தானை வழிபடும் பாடல் அல்ல என்று தெரியும். அதில் இருப்பது முழுக்க அச்சம் மட்டுமே. கடவுளிடம் உதவி கேட்டுக் கதறும் பாடல் அது. கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே வரக்கூடிய அச்சம்.

மீதிப் பாடல்களும் ஒரு நூலகப் பையனின் உலகம்தான். 'தி விஸர்ட்' டோல்கீனின் கந்தால்ஃபை மனதில்கொண்டு எழுதப்பட்டது. இன்னொன்றின் தலைப்பு லவ்கிராஃப்டின் சிறுகதைத் தலைப்பைச் சற்றே மாற்றிக்கொண்டது. 'என்.ஐ.பி.' என்ற பாடலில் சாத்தான் காதல்வயப்பட்டு மனம்மாறுகிறான். அந்த மூன்றெழுத்துக்குப் பயங்கரமான விரிவுகளை ரசிகர்களும் எதிரிகளும் கண்டுபிடித்தார்கள். உண்மையில் வார்டின் தாடி பேனாமுள் போல இருந்ததால் நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் அது. பேனாமுள் உற்பத்தியில் ஒருகாலத்தில் உலகின் தலைநகராக இருந்தது பர்மிங்ஹாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தொகுப்பு முழுவதும் ஒரே உயரத்தில் நிற்கிறது என்று சொல்லமாட்டேன். பிரிட்டிஷ் பதிப்பில் இருக்கும் 'ஈவில் உமன்' வேறொரு குழுவின் பாடல், நிறுவனம் வற்புறுத்தியதால் பாடியது, அதில் உயிரில்லை. இரண்டாம் பக்கத்தை நிறைக்கும் 'வார்னிங்' கூட இன்னொருவருடையதுதான். நடுவில் நீளும் கிட்டார் உலா சில நிமிடங்களுக்குப் பின் திசையில்லாமல் அலைகிறது. பழைய புளூஸ் குழுவின் எச்சங்கள் அவை. ஆனால் ஒரு கலைவடிவம் தன் முந்தைய வடிவத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வெளிவருவதை நேரடியாகக் கேட்க முடிகிற இசைத்தட்டுகள் மிகக்குறைவு. அந்த வகையில் அந்தத் தொய்வும் வரலாற்று ஆவணமே.

அட்டைப்படம் தனியாகப் பேசப்படவேண்டியது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தேம்ஸ் கரையிலுள்ள மேப்பிள்டர்ஹம் நீராலை. முன்னால் கறுப்பு அங்கியில் ஒரு பெண். கீத் மெக்மிலன் எடுத்த படம், வண்ணங்கள் அழுகிய பழம்போல திரிந்திருக்கின்றன. மடிப்பின் உள்ளே ஒரு தலைகீழ்ச் சிலுவையை நிறுவனம் அச்சிட்டிருந்தது. குழுவினருக்கு அது தெரியாது, பார்த்து எரிச்சல்தான் பட்டார்கள். ஆனால் அதன்பின் சூனியக்காரர்கள் என்ற முத்திரை விழுந்துவிட்டது. ஆஸ்போர்னின் தந்தை தன் ஆலையிலேயே அலுமினியத்தில் சிலுவைகள் செய்து நால்வருக்கும் கொடுத்தார். நிறுவனம் அச்சடித்த சிலுவையையும் தகப்பன் அறுத்துச் செய்த சிலுவையையும் அருகருகே வைத்தால் இந்தக் குழுவின் கதை முழுவதும் அதில் இருக்கிறது என்று தோன்றும்.

விமர்சகர்கள் எள்ளி நகையாடினார்கள். ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பாங்ஸ், கிரீம் குழுவின் மட்டமான நகல் என்ற தோரணையில் எழுதித் தள்ளினார். பிரிட்டனில் தொகுப்பு எட்டாம் இடத்துக்கு ஏறியது. அமெரிக்காவில் 23ஆம் இடம்வரை சென்று ஒரு வருடத்துக்கும் மேலாகப் பட்டியலில் இருந்தது. வாங்கியவர்கள் இதழ்களை வாசிப்பவர்கள் அல்லர். விமர்சகர்களின் செவி பழுது என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் ராக் இசையை நளினம், புதுமை, தனிவாசிப்பின் திறமை ஆகியவற்றைக்கொண்டு அளந்தார்கள். அந்த அளவுகோலில் சாபத் முரட்டுத்தனமாகத்தான் தெரியும். ஒரே அசைவைச் சலிக்காமல் திரும்பச் செய்யும் இசை, கல்லூரி முற்றத்திலிருந்து கேட்பவனுக்குக் கற்பனை வறட்சி. எட்டு மணிநேரம் ஒரே இயந்திரத்தின் முன் நின்றவனுக்கு அது தன் நாளின் வடிவம். பாங்ஸ் நேர்மையானவர். 1972இல் கிரீம் இதழில் அவரே எழுதிய நீண்ட கட்டுரையில் இவர்களை அறச்சீற்றம் கொண்ட பாடகர்களாகக் கண்டார். அதற்குள் வியட்நாம் போரை நடத்தும் தளபதிகளைச் சூனியக்காரர்களுக்கு ஒப்பிட்ட 'வார் பிக்ஸ்' வந்துவிட்டிருந்தது. அது இடம்பெற்ற இரண்டாவது தொகுப்பு 1970 செப்டம்பரிலேயே வெளியாகி பிரிட்டனில் முதலிடம் பிடித்திருந்தது.

ஹெவி மெட்டல் என்ற சொற்சேர்க்கை சாபத்துக்கு முன்பே இருந்தது. வில்லியம் பரோஸின் நாவலில் அது வருகிறது. ஒரு இசைக்கு அது பெயராக ஒட்டிக்கொண்டது இவர்களுக்குப் பின்னர். அதே நகரப்பகுதியிலிருந்து ஜூடாஸ் பிரீஸ்ட் வந்தார்கள். அவர்களுடைய 1980ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயரே 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. அதைத் தயாரித்தவர் டாம் ஆலம், பத்து வருடங்களுக்கு முன் ரீஜன்ட் கூடத்தில் ஒலிப்பொறியாளராக உட்கார்ந்திருந்த அதே மனிதர். மெதுவும் கனமும் மட்டுமே போதும் என்று முடிவுசெய்தவர்கள் டூம் மெட்டல் என்று ஒரு தனிக்கிளையைத் தொடங்கினார்கள். ஸ்வீடனின் கேண்டில்மாஸ், கலிஃபோர்னியாவின் செயின்ட் வைட்டஸ். சியாட்டில் நகரத்துக் குழுக்களின் சேற்றுநடையிலும் இவர்களின் காலடி கேட்கும். 2006இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் பிளாக் சாபத் சேர்க்கப்பட்டபோது அறிமுக உரையாற்றியவர்கள் மெட்டாலிகாவினர். 2023இல் பர்மிங்ஹாம் ராயல் பாலே இவர்களின் இசையைக்கொண்டு ஒரு பாலே நாட்டியத்தை அரங்கேற்றியது. ஐம்பது ஆண்டுகளில் ஆலைக்குழிக்கும் பாலே மேடைக்கும் இடையிலான தூரம் கடக்கப்பட்டுவிட்டது. பாலேவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஐயம் உண்டு, போகட்டும்.

அதற்குள் அந்த ஆலைகளில் பல மூடப்பட்டுவிட்டன. 2019இல் நகரின் பிராட் தெருவிலுள்ள கால்வாய்ப் பாலம் ஒன்றுக்குக் குழுவின் பெயரை வைத்தார்கள். 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், ஆஸ்போர்ன் வளர்ந்த தெருவிலிருந்து நடந்து போகும் தொலைவில், 2005க்குப் பிறகு முதல்முறையாக நால்வரும் சேர்ந்து மேடையேறினார்கள். பார்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸ்போர்ன் ஓர் அரியணையில் அமர்ந்தபடி பாடினார். வாசித்த நான்கு பாடல்களில் ஒன்று, முதல் தொகுப்பின் 'என்.ஐ.பி.' 77 வயதான அயோமி அப்போதும் உறையிட்ட விரல்களால்தான் வாசித்தார். 17 நாட்கள் கழித்து, ஜூலை 22 அன்று, ஆஸ்போர்ன் இறந்தார். ஜூலை 30 அன்று அவருடைய இறுதி ஊர்வலம் பிராட் தெரு வழியாக வந்து அந்தப் பாலத்தில் நின்றது. ஆங்கிலேயச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் தொழிலாளர்கள் தமக்கென்று வளர்த்துக்கொண்டவை பித்தளை வாத்தியக் குழுக்கள். அப்படி ஒரு குழு அன்று ஊர்வலத்தோடு வாசித்துக்கொண்டு நடந்தது.